யாரும் இழைக்காத தீங்கு

தீங்கு ஒன்று நேர்ந்தவுடன் மனித உள்ளம் முதலில் தேடுவது அதனைச் செய்தவனையே. செய்தவன் அகப்பட்டுவிட்டால் மனத்திற்கு ஓர் ஆறுதல் பிறக்கிறது. பழியை அவன் தலையில் ஏற்றலாம், ஈடு கேட்கலாம், இனிச் செய்யாதே என்று தடுக்கலாம். செய்தவனே இல்லாத தீங்குகளும் உலகில் உண்டு. இடி விழுந்து கூரை எரிந்தால் எவரைக் கேட்பது? ஊரார் கூடி மூங்கிலும் ஓலையும் கொடுத்துக் கூரை வேய்ந்து தருகிறார்கள்; அத்துடன் அது முடிகிறது. ஒரு நாளில் முடியும் தீங்கிற்கு இரக்கம் போதும்.

நாற்பது ஆண்டுகள் கடந்தும் முடியாமல், ஒவ்வொரு மழைக்காலத்திலும் புதிதாக வந்துகொண்டே இருக்கும் தீங்காயின் என் செய்வது? அதனைத் தடுக்கும் கடமை எவருடையது? தடுக்கப் புகுந்தவன் எந்நாளில் கையை எடுக்கலாம்? அவன் தடுத்ததனால் வேறோர் உயிருக்கு இடையூறு வந்தால் அது எவர் கணக்கில் சேரும்? அறநூல் கற்போர் விளையாட்டாக எழுப்பும் வினாக்கள் அல்ல இவை. ஒரு மலையின் அடிவாரத்தில் இவை மெய்யாகவே எழுந்தன, இன்றும் எழுந்துகொண்டிருக்கின்றன.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலம் உள்ளது. (அந்நாட்டின் தலைநகராகிய வாஷிங்டன் வேறு, இது வேறு.) அங்குள்ள செயின்ட் ஹெலன்ஸ் என்னும் எரிமலை 1980 மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 8.32 மணிக்கு வெடித்தது. எரிமலை என்றதும் நெருப்புக் குழம்பு வழிந்தோடும் காட்சியே நம் நினைவிற்கு வரும். அங்கு நிகழ்ந்தது வேறு. நிலநடுக்கம் ஒன்று தாக்க, மலையின் வடபுறம் முழுவதும் பெயர்ந்து சரிந்தது. சரிந்த பாறையும் மண்ணும் ஏறத்தாழ இரண்டரை கன கிலோமீட்டர். அது வடக்கு டூட்டில் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கி, 20 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவை நிரப்பியது. நிரப்பிய ஆழம் சராசரியாக 45 மீட்டர். சில இடங்களில் 150 மீட்டருக்கும் மேல். மலையின் பக்கம் திறந்ததும் வெளிப்பட்ட வெப்பப் புயல் சுமார் 600 சதுர கிலோமீட்டர்க் காட்டை வீழ்த்தியும் கருக்கியும் சென்றது. 57 பேர் உயிரிழந்தனர்.

அன்று நண்பகலுக்குப் பின் இன்னொன்று நடந்தது. பள்ளத்தாக்கை நிரப்பிய அம்மண்ணுக்குள்ளேயே மலையின் பனியும் நிலத்தடி நீரும் சிக்கியிருந்தன. அந்நீர் கசிந்து மேலெழுந்து, மண்ணைக் குழைத்துக்கொண்டு பெருஞ்சேற்று வெள்ளமாகப் புறப்பட்டது. பாலங்களையும் ஏறத்தாழ இருநூறு வீடுகளையும் அழித்து, டூட்டில் ஆற்றைக் கடந்து கௌலிட்ஸ் ஆற்றில் கலந்து, இறுதியில் கொலம்பியா என்னும் பேராற்றில் போய்ப் படிந்தது. கப்பல்கள் செல்லும் கொலம்பியாவின் கால்வாயில் சுமார் 12 மீட்டராக இருந்த ஆழம் ஓரிடத்தில் ஏறத்தாழ 4 மீட்டராகக் குறைந்தது. மேற்புறத் துறைமுகங்களில் நின்ற கப்பல்கள் கடலுக்குத் திரும்ப வழியின்றி நின்றன. காசில் ராக் என்னும் சிற்றூரின் அருகே வினாடிக்கு ஏறத்தாழ 76,000 கன அடி நீரைக் கரை மீறாமல் கொண்டு சென்ற கௌலிட்ஸ் ஆறு, 15,000 கன அடியைக்கூடத் தாங்க இயலாததாயிற்று. மணல் இன்றி மெலியும் ஆறுகளைக் கண்டு பழகிய நமக்கு, மணல் மிகுந்து ஓர் ஆறு மூச்சடைத்துப் போவது புதுமையாகத் தோன்றலாம். ஆற்றின் படுகை உயர்ந்தால் கரை தாழ்ந்ததாகவே பொருள். அதன்பின் வழக்கமான மழையே ஊரை மூழ்கடிக்கப் போதும்.

இனி, இக்கட்டுரைக்கு உரிய செய்திக்கு வருவோம். வெடித்த மலை அன்று மாலைக்குள் தன் வேலையின் பெரும்பகுதியை முடித்துவிட்டது. ஆறுகளின் வேலை அப்போதுதான் தொடங்கிற்று. அங்கே ஆறுகள் எல்லாம் ஒரே விதமாக நடந்துகொள்ளவில்லை என்பதே நாம் ஊன்றி நோக்க வேண்டியது.

கிரீன் என்று ஓர் ஆறு. வெப்பப் புயல் அதன் சரிவுகளில் மரங்களை வீழ்த்திச் சாம்பலைப் போர்த்தியது. ஆனால் சரிந்த மலை அப்பள்ளத்தாக்கில் இறங்கவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அவ்விடம் சுடுகாடு. மேலே படிந்த நுண்சாம்பல் பொருக்குப் போல் இறுகி மழைநீரை உள்ளே விடாது தடுத்ததால், முதல் மழைக்காலத்தில் நீர் சரிவெங்கும் கீறிக்கொண்டு சாம்பலை வாரி ஆற்றில் சேர்த்தது. அரசினர் வானூர்திகளிலிருந்து புல்விதை தூவினர். நல்லெண்ணம்தான், ஐயமில்லை. ஆயினும் அப்புல் முளைத்துப் படர்வதற்கு முன்பே அரிமானம் தானாகத் தணியத் தொடங்கிவிட்டதை ஆராய்ந்தோர் கண்டனர். நீர் கீறிய சிற்றோடைகள் நுண்சாம்பலை அகற்றி, அடியிலிருந்த பருமணலை வெளிப்படுத்தின. குளிர்கால உறைபனி பொருக்கை உடைத்தது. நிலத்தடி வளையில் இருந்ததால் வெந்துபோகாமல் தப்பிய வளைஎலிகள் பழைய மண்ணைக் கிளறி மேலே கொணர்ந்தன. நீர் மீண்டும் மண்ணுக்குள் இறங்க வழி பிறந்தது. ஐந்தாண்டு அளவில் அவ்வாற்றின் வண்டல் பெரும்பாலும் பழைய அளவிற்குத் திரும்பிற்று. அவ்வளவு பெரிய புண், பெரும்பாலும் தானே ஆறியது.

சேற்று வெள்ளம் பூசிச் சென்ற பள்ளத்தாக்குகள் வேறொரு வகை. அவற்றிலும் ஐந்தாண்டுக்குள் தணிவு ஏற்பட்டது. ஆனால் இயல்பைப் போல் சுமார் பத்து மடங்கு வண்டல் தொடர்ந்து வந்தது. மலையே இறங்கிப் புதைத்த வடக்கு டூட்டிலிலோ, இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் வண்டல் இயல்பைக் காட்டிலும் நூறு மடங்காக இருந்தது. இந்த மூவகை வேறுபாட்டை 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறையினர் வெளியிட்டனர். காரணம் எளிது. புதைந்த பள்ளத்தாக்கில் பழைய ஆறே இல்லை. நீர் புதிய வழியை வெட்ட வேண்டும். முதலில் ஆழமாக வெட்டுகிறது, வெட்டியதால் கரை செங்குத்தாகிச் சரிகிறது, சரிந்த மண்ணைச் சுமக்க இயலாமல் ஆறு அகன்று, பல கிளைகளாகப் பின்னி, இடம் மாறி மாறி ஓடுகிறது, ஓடும்போது எதிர்ப்பட்ட உயர்ந்த கரையின் அடியை அரிக்கிறது, அக்கரையும் விழுகிறது. படுகையில் கூழாங்கற்கள் நிலைத்துவிட்டாலும் பக்கக் கரைகளுக்கு நிலையில்லை. 1996 பிப்ரவரியில் வந்ததைப் போன்ற பெருவெள்ளம் ஒன்று நேருமாயின், தணிந்துவந்த வண்டல் மறுபடியும் ஏறிவிடுகிறது.

ஆக, ஒரே நாளில் ஒரே மலை செய்த காயங்களில் ஒன்று ஐந்தாண்டில் ஆறியது. மற்றொன்று ஒரு தலைமுறையிலும் ஆறவில்லை. மேலே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறம். கண்ணுக்குத் தெரிந்த கருகலை வைத்து இரங்குபவன், விதை தூவ வேண்டாத இடத்தில் தூவுவான். காக்க வேண்டிய இடத்தை ஆறிவிட்டதென்று விட்டுவிடுவான். இரக்கத்திற்கு அறிவு துணை வேண்டும் என்று பெரியோர் கூறுவது இதனால்தான் போலும். மேலே என்ன எரிந்தது என்பதைவிட, அடியில் எது புதைந்தது என்பதையே கேட்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் சில இடங்களில் அறமே என்பதை அந்நாட்டினர் ஓரளவு உணர்ந்தனர். 1982-இல் மலையைச் சுற்றிய ஒரு பெரும்பகுதியைச் சட்டத்தால் ஒதுக்கி, இயற்கை தன் போக்கில் மீளட்டும் என்று விட்டனர்.

ஆனால் அப்படி விட்டுவிட இயலாத இடங்களும் இருந்தன. சரிந்த மலை, ஸ்பிரிட் ஏரியின் வாயை அடைத்துவிட்டது. அடைபட்ட ஏரி ஒவ்வொரு மழைக்கும் உயர்ந்தது. அதனைத் தடுத்து நின்றதோ இறுகாத குப்பை மண். அது உடைந்தால் கீழே உள்ள காசில் ராக், லெக்சிங்டன், கெல்சோ, லாங்வியூ ஆகிய ஊர்களின் கதி என்ன? இது வீணான அச்சமன்று. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் அம்மலையடியில் இருந்த ஏரி இவ்வாறே உடைந்து பெருஞ்சேற்று வெள்ளமாய் ஓடிய தடயத்தை ஆய்வாளர் அப்பள்ளத்தாக்கில் கண்டுள்ளனர். 1982-இல் நெருக்கடி அறிவிக்கப்பட்டு, மிதவைகளில் பொறிகளை ஏற்றி நீரை இறைத்தனர். பின்னர் அடைப்பு மண்ணைத் தொடாமல், பக்கத்துப் பாறைக்குன்றின் ஊடே ஏறத்தாழ 8,500 அடி நீளமுள்ள சுரங்கம் ஒன்றைக் குடைந்து, 1985-இல் ஏரிநீரை வெளியேற்றினர். ஆற்றில் வரும் மணலைப் பிடிக்க முதலில் எழுப்பிய தடுப்பு ஈராண்டு அளவில் நிரம்பி உடைந்து பயனற்றுப் போகவே, 1989-இல் ஏறத்தாழ 1,800 அடி நீளமும் 184 அடி உயரமும் உள்ள பெரிய அணையைக் கட்டினர். நீரைத் தேக்குவதற்கன்று, மணலைத் தேக்குவதற்கு.

இதனை எதிர்த்து ஒருவர் கேட்கலாம். எரிமலையின் கீழ் வீடு கட்டியவன் அதன் விளைவைத் தாங்கட்டும், பொதுப்பணம் ஏன்? இக்கேள்வி நேர்மையாகத் தோன்றினும் எனக்கு உடன்பாடில்லை. காசில் ராக் மலையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள ஊர். அங்கு குடியேறியவர் மலையடியில் குடியேறவில்லை; ஆற்றங்கரையில் குடியேறினர், உலகில் எல்லா மக்களும் குடியேறுவது போல. ஆற்றங்கரைச் சமவெளி என்பதே ஆறு முன்னொரு காலத்தில் சுமந்து வந்து போட்ட மண்தான். ஆறு தந்த மண்ணில் உழுதவனை, ஆறு மண் கொண்டுவந்ததற்காகக் குற்றம் சொல்வது பொருந்துமா? ஆற்றையும் குற்றம் கூற இயலாது. எண்ணம் இல்லாத இடத்தில் குற்றம் இல்லை.

குற்றவாளி உள்ள இடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. அதே நாட்டின் கலிபோர்னியாவில், 1850-களில் தொடங்கி, பொன் தேடியவர்கள் குழாய்வழி நீரைப் பீய்ச்சி மலைச்சரிவுகளையே கரைத்தனர். கரைந்த மண் யூபா முதலிய ஆறுகளின் படுகையை உயர்த்தி, கீழே இருந்த உழவர் நிலங்களை மூடியது. எரிமலை ஒரு நாளில் செய்ததைப் பேராசை முப்பது ஆண்டுகளில் செய்தது. 1884-இல் நீதிபதி லாரன்சோ சாயர், கழிமண்ணை ஆற்றில் விடலாகாது என்று தீர்ப்பளித்தார். செய்தவன் இருந்தான், தடுத்தாயிற்று. ஆயினும் முன்பே ஆற்றில் இறங்கிய மண் தீர்ப்பைக் கேட்டு நிற்கவில்லை. அது பல பத்தாண்டுகள் அலையாகக் கீழ்நோக்கி நகர்ந்ததை கில்பர்ட் என்னும் நிலவியல் அறிஞர் 1917-இல் விரிவாக எழுதினார். தீர்ப்பு வந்து 57 ஆண்டுகளுக்குப் பின், 1941-இலும், அம்மண்ணைப் பிடிக்க யூபா ஆற்றில் ஓர் அணை கட்டவேண்டி வந்தது. அப்போது சுரங்கக்காரர் பெரும்பாலோர் மறைந்திருப்பர். பழி யாருடையது என்று தெரிந்த இடத்திலும், சுமை இறுதியில் பழியில்லாதவர் தோளில்தான் இறங்கியது.

எனவே ‘செய்தவன் யார்’ என்ற வினா, நாம் நினைப்பதைப் போல் கடமையை முழுவதும் தீர்மானிப்பதில்லை. தடுக்க வல்லவன் யார், அவன் அறிந்திருந்தானா என்பனவே மேலும் நெருங்கிய வினாக்கள். ஏரி உயர்வதை அறிந்தும், குடையும் வல்லமை இருந்தும், இது நம் குற்றமன்று என்று ஓர் அரசு வாளா இருந்திருக்குமாயின், அதன்பின் வரும் வெள்ளம் மலையின் செயல் மட்டும் ஆகாது.

ஆனால் கை வைத்த கணத்திலிருந்து வேறொரு கணக்கும் தொடங்குகிறது. இதனைப் பலர் எண்ணுவதில்லை. சுரங்கம் குடையப்படும் வரை ஏரி மலையின் பொறுப்பு. குடைந்த பின் ஏரி மனிதனின் பொறுப்பு. அச்சுரங்கத்தைப் பாறை நெருக்குகிறது, தரை மேலெழும்புகிறது. பலமுறை அதனை மூடிப் பழுதுபார்க்க நேர்ந்தது, 2016-இலும் அவ்வாறே. மூடிய நாட்களில் ஏரி உயரத் தொடங்கும். செப்பனிடுவோர் எந்தத் தலைமுறையிலும் ஓய முடியாது. இயற்கையைத் தன் போக்கில் விட ஒதுக்கிய நிலத்தின் ஊடே, சுரங்கத்தின் வாயிலைப் புதுப்பிக்கப் பாதை அமைக்க வேண்டும் என்று அண்மையாண்டுகளில் அரசினர் முனைந்தபோது, நாற்பதாண்டு காலமாக அங்கே செடி முளைப்பதையும் ஓடை உருவாவதையும் குறித்து வைத்துவந்த ஆய்வாளர் சிலர் வருந்தி எதிர்த்தனர். இரு பக்கமும் நியாயம் உண்டு. கீழே மக்களின் உயிர். மேலே, ஒருமுறை மிதித்தால் திரும்பப் பெற முடியாத ஓர் ஆய்வுக்களம். என் மனம் மக்களின் பக்கமே சாய்கிறது. ஆனால் எதிர்த்தவர்களை இரக்கமற்றவர் என்று சொல்ல மாட்டேன்.

மணல் அணையின் கதையும் இத்தகையதே. 2035-ஆம் ஆண்டு வரை காக்கும் என்று எண்ணிக் கட்டியது. 1998-லேயே மணல் அதன் வழிந்தோடியின் மட்டத்தை எட்டிவிட்டது. அதுமுதல் ஆறு முழுவதும் வழிந்தோடியின் மேலாகவே செல்கிறது. மணலைப் பிடிக்கும் ஆற்றல் குறைந்தது. நழுவிய மணல் மீண்டும் கௌலிட்ஸில் படிந்தது. 2012-இல் வழிந்தோடியைச் சுமார் ஏழு அடி உயர்த்தினர். உயர்த்தியதும் சில ஆண்டுகளுக்கே பயன் தரும் என்பதை உயர்த்தியவர்களும் அறிவர்.

இன்னும் ஒரு தரப்பு இருக்கிறது. அது வழக்காட வாராதது. டூட்டில் ஆறு சால்மன் இன மீன்களின் வழி. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தாம் பிறந்த ஓடையையே தேடி எதிரேறி வரும் மீன்கள் அவை. எரிமலை அவற்றின் ஓடைகளைச் சாம்பலாலும் வெந்நீராலும் கெடுத்தது. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் அவை மேலே திரும்பத் தொடங்கின. அந்நிலையில்தான் அணை எழுந்தது. மலை அடைத்தது ஒரு காலத்திற்கு. மனிதன் அடைத்தது முற்றிலும். கொல்லும் எண்ணம் அணை கட்டியவருக்கு இல்லை. அவர் காக்கவே வந்தார். ஆனால் இங்கே ஆற்றுக்குச் சொன்ன நியாயத்தை அவருக்குச் சொல்ல இயலாது. ஆற்றுக்கு எண்ணம் இல்லை. இவருக்கு எண்ணம் உண்டு, வருவது என்ன என்று அறியும் திறனும் உண்டு. சிற்றுயிரையும் மிதியாது நடக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நம் இல்லங்களில் இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. தெரியாமல் மிதிப்பது ஒன்று. தெரிந்தும் வேறு வழியின்றி மிதிப்பது மற்றொன்று. பின்னதில் வழி இல்லை என்று சொல்வதோடு வேலை முடிந்துவிடாது. இயன்ற அளவு ஈடு செய்யும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அணைக்குக் கீழே, அதே 1989-இல், மீன் பிடிக்கும் நிலையம் ஒன்றையும் அமைத்தனர். உண்பதற்காகப் பிடிப்பதன்று. எதிரேறி வரும் கோஹோ, ஸ்டீல்ஹெட் மீன்கள் அங்கே ஒரு தொட்டிக்குள் வந்து சேர்கின்றன. அவற்றை நீர் நிறைந்த லாரியில் ஏற்றி, மலைப்பாதை வழியே அணையைக் கடந்து, மேலே தெளிந்த நீரோடும் கிளையோடைகளில் கொண்டுபோய் விடுகின்றனர். மணல் மிகுந்த ஆண்டுகளில் அந்நிலையமே தூர்ந்துபோவதுண்டு. தூரை வாரிவிட்டு மறுபடியும் தொடங்குகின்றனர். அம்மீன்கள் முட்டையிட்டுப் பொரித்த குஞ்சுகள் கடலுக்குச் செல்லும்போது மட்டும் எவர் துணையும் இன்றி, வழிந்தோடியில் விழும் கலங்கல் நீரோடு தாமே இறங்கிப் போகின்றன.